ஆதாம் மலைக்கு ஏறலாமா?



பாகலூர், ஓசூர் பகுதியில் வாழும் நமக்கு மலை புதிதல்ல. ஓசூருக்குள் நுழையும்போதே சந்திரசூடேசுவரர் கோயில் மலை கண்ணில் படுகிறது. இராயக்கோட்டையிலும் கிருஷ்ணகிரியிலும் கோட்டை மலைகள் இருக்கின்றன. விடுமுறை கிடைத்தால் நம் இளைஞர்கள் இரு சக்கர வண்டியில் நந்தி மலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே நடையும் ஏற்றமும் நமக்குப் பழக்கமானவையே.

அண்மைக் காலமாக நம் இளைஞர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இலங்கையில் இருக்கும் ஆதாம் மலைக்குப் போய் வரலாமா?" என்பதே அது. பெங்களூரு விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம்தான். (அந்த விமான நிலையத்தின் பக்கத்திலும் ஒரு பாகலூர் இருக்கிறது. திரும்பி வரும்போது வாடகை வண்டிக்காரரிடம் "ஓசூர் பக்கத்துப் பாகலூர்" என்று தெளிவாகச் சொல்வது நல்லது.) இந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம் உடம்பு இதைத் தாங்குமா என்பது ஒன்று. பிற சமயத்தார் வணங்கும் மலைக்குக் கத்தோலிக்கர் போகலாமா என்பது மற்றொன்று. மூன்றாவதாக, யாரும் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் மலையைப் பற்றி. தமிழர் இதைச் சிவனொளிபாதமலை என்கிறார்கள். சிங்களவருக்கு இது ஸ்ரீ பாத. இஸ்லாமியருக்கு இது பாவா ஆதம் மலை. ஐரோப்பியர் ஆதாம் சிகரம் என்று எழுதினார்கள். உயரம் 2,243 மீட்டர், அதாவது 7,359 அடி. இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுவன்று. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலையே முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க இத்தனை பேர் போவதில்லை. ஆதாம் மலை சுற்றியுள்ள மலைகளிலிருந்து விலகிக் கூம்பு போலத் தனித்து எழுந்து நிற்கிறது. அக்காலத்தில் கடலில் வந்த மாலுமிகள் வெகு தொலைவிலிருந்தே இதை அடையாளம் கண்டார்கள். உச்சியில் பாறையில் ஒரு பெரிய பாதச் சுவடு போன்ற பள்ளம் இருக்கிறது. அது புத்தரின் பாதம் என்று பௌத்தரும், சிவனுடையது என்று சைவரும், ஆதாமுடையது என்று இஸ்லாமியரும் நம்புகிறார்கள். போர்த்துக்கீசியக் கிறிஸ்தவர் சிலர் அது புனித தோமையாருடையது என்றார்கள். திருத்தூதர் பணிகள் நூலில் வருகிற எத்தியோப்பிய அரசி கந்தகியின் நிதி அமைச்சருடையது என்று சொன்னவர்களும் உண்டு.

இதில் நாம் எதை ஏற்க வேண்டும்? தொடக்க நூல் ஆதாமை ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியே அனுப்பியதைச் சொல்கிறதே தவிர, அவர் எந்த மலையில் கால் வைத்தார் என்று சொல்லவில்லை. திருச்சபையும் அப்படி எதையும் கற்பிக்கவில்லை. ஆகவே அந்தச் சுவடு நமக்கு விசுவாசப் பொருள் ஆகாது. இதில் நமக்கு முன்னோடியாக ஒரு துறவி இருக்கிறார். 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியா வழியாகச் சீனா சென்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி அருளாளர் ஓதோரிக் இலங்கையையும் பற்றி எழுதியிருக்கிறார். ஆதாமும் ஏவாளும் நூறு ஆண்டுகள் அழுத கண்ணீரால் அங்கு ஓர் ஏரி உண்டாயிற்று என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஏரியின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வருவதைக் கண்ணால் கண்ட அவர், அந்தக் கதை உண்மையாக இருக்க முடியாது என்று எழுதி வைத்தார். அந்த நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

அதே சபையைச் சேர்ந்த ஜொவான்னி தெ மரிஞ்ஞோல்லி என்பவர், 1338-இல் திருத்தந்தை 12-ஆம் பெனடிக்டால் சீனப் பேரரசரிடம் அனுப்பப்பட்டவர். திரும்பும் வழியில் கொல்லத்தில் தங்கினார், மயிலாப்பூரில் தோமையார் கல்லறையைத் தரிசித்தார், இலங்கைக்கும் வந்தார். அவர் வேறு வகை. இந்த மலையிலிருந்து ஏதேன் தோட்டம் வெறும் நாற்பது மைல் தொலைவுதான், அதன் நீரூற்றுகள் விழும் ஓசைகூடக் கேட்கும் என்று மக்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். இருவருமே நல்ல துறவிகள்தாம். ஒருவர் தண்ணீரைப் பார்த்தார், மற்றவர் ஓசையைக் கேட்டார். அவர்களுக்கு முன்னே, 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பௌத்தத் துறவி பாகியான் இந்தச் சுவடு பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். மார்க்கோ போலோ, பாறையில் சங்கிலிகளைப் பிடித்து ஏறுவதாக எழுதினார். 1344-இல் இபன் பதூதா அந்தச் சங்கிலிகளைப் பிடித்தே உச்சிக்கு ஏறினார்.

இன்று சங்கிலிக்குப் பதில் படிகளும் இரும்புக் கைப்பிடிகளும் இருக்கின்றன. பாதைகள் பல உண்டு. பெரும்பாலானோர் போவது ஹட்டன் நகரிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து ஏறும் பாதை. இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை இதைவிட நீளமானது, கடினமானது. முதல் முறை செல்கிறவர்களுக்கு ஏற்றதல்ல. நல்லதண்ணிப் பாதையில் 5,000-க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மூன்று மீட்டருக்கு ஒரு மாடி என்று கணக்கிட்டால், 300 மாடிக்கு மேல் படியேறுவதற்குச் சமம். சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு ஏற மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும்.

பருவம் முக்கியம். டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அப்போது பாதை முழுவதும் மின்விளக்கு எரிகிறது. தேநீர்க் கடைகள் திறந்திருக்கின்றன. இரவெல்லாம் ஆள் நடமாட்டம் உண்டு. மற்ற மாதங்களில் மழை, காற்று, அட்டைக் கடி, இருட்டு. அந்தக் காலத்தில் ஏறுவது வீரம் என்று நம் இளைஞர்கள் நினைக்கக் கூடாது. அது வீண் துணிச்சல். பருவத்துக்குள்ளும் பௌர்ணமி நாள்களையும் வார இறுதிகளையும் தவிர்ப்பது நல்லது. அந்த நாள்களில் கடைசிச் செங்குத்தான பகுதியில் கூட்டம் நெருக்கி, ஒரே படியில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். கிளம்பும் முன் அங்குள்ள நிலைமையையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது இலங்கையின் மலைப் பகுதிகளில் பெரும் நிலச்சரிவுகள் ஏற்பட்டுப் பல உயிர்கள் பறிபோயின.

நள்ளிரவுக்குப் பின், ஒன்றரை, இரண்டு மணி வாக்கில் ஏறத் தொடங்குவது வழக்கம். சூரிய உதயத்துக்கு உச்சியில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இதில் ஓசூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதி: அந்த நேரத்தில் விழித்திருக்க அவர்களுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் விழித்திருப்பது வேறு, ஏறுவது வேறு. நாள் முழுதும் இயந்திரத்தின் முன் நிற்கிற கால்களுக்கு நிற்கத் தெரியும்; ஏறத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு மாதம் முன்பிருந்தே வாரத்துக்கு மூன்று நாளாவது படியேறிப் பழக வேண்டும். கிருஷ்ணகிரிக் கோட்டை மலை இதற்கு நல்ல பயிற்சிக் களம்.

ஏறும்போது வேகத்துக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அந்த வேகம் சரி. ஒரு மறையுண்மையின் பத்து 'அருள் நிறைந்த மரியே'யைச் சொல்லிக்கொண்டு ஏற முடிந்தாலும் சரிதான். நம்மவர்களுக்கு இது எளிது. நெஞ்சு இறுக்கம், இடது கையில் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான வியர்வை ஆகியவை வந்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே" என்று ஏறக் கூடாது. இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் இரவில் இத்தனை உழைப்பு உழைக்கும்போது சர்க்கரை திடீரெனக் குறையலாம். வெல்லமோ இனிப்போ சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

பலரும் நினைக்காத ஒன்று குளிர். ஓசூர்க் குளிர் தெரிந்தவர்கள்தானே என்று நாம் அலட்சியமாக இருந்துவிடுவோம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அதோடு உச்சியில் காற்று பலமாக வீசும். ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு மேலே போய் ஒரு மணி நேரம் உதயத்துக்காகக் காத்திருப்பதில்தான் ஆபத்து. உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். ஆகவே மாற்றுச் சட்டை ஒன்றும் ஸ்வெட்டரும் குல்லாவும் பையில் இருக்கட்டும். அவற்றை மேலே போனபின் அணிய வேண்டும், கீழேயே அணிந்துகொண்டு வியர்க்கக் கூடாது. சிறு குழந்தைகளைத் தோளில் சுமந்து ஏறுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சுமக்கிறவருக்கு வியர்க்கும்போது, அசையாமல் இருக்கும் குழந்தைக்குக் குளிர்கிறது.

இறங்குவது எளிது என்பதும் தவறான எண்ணமே. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது முழங்கால் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையைத் தொடைத் தசை தாங்கி, நீண்டுகொண்டே தடுத்து இறக்குகிறது. அந்த வகை உழைப்புதான் தசைக்கு அதிக வலி கொடுக்கும். வலி அன்று தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தெரியும். வீட்டுப் படியில் பின்பக்கமாக இறங்க வேண்டிய நிலை வரும். ஆகவே திரும்பிய மறுநாளே வேலைக்கு வருவதாக மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். ஊன்றுகோல் ஒன்று கையில் இருந்தால் முழங்காலுக்குப் பெரும் உதவி.

உச்சியில் சூரியன் எழும்போது மக்கள் எல்லாரும் கிழக்கே பார்த்துவிட்டு, உடனே மேற்குப் பக்கம் ஓடுவார்கள். மலையின் நிழல் அங்கே பனிமூட்டத்தின் மேல் துல்லியமான முக்கோணமாக விழுந்திருக்கும். மலை கூம்பு வடிவில் இருப்பதால்தான் இப்படி என்று சொல்வார்கள். அது சரியான விளக்கம் அன்று. உதயத்தின்போது நிழல் மிக நெடுந்தூரம் நீள்கிறது. நேரான இரயில் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று சேர்வதுபோல நம் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? அதே போலத்தான் நீண்ட நிழலின் இரு ஓரங்களும் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வதாகத் தெரிகின்றன. தட்டையான உச்சியுள்ள மலையில் நின்றாலும் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். காரணம் தெரிந்தபின் வியப்பு குறைகிறதா என்றால், நமக்குக் குறையவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. கத்தோலிக்கர் இங்கே போகலாமா? சிலர் "அது அவர்கள் கோயில், நமக்கு என்ன வேலை" என்கிறார்கள். வேறு சிலர் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். இரண்டுமே சிந்திக்காமல் சொல்கிற பதில்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட, பிற சமயங்கள் பற்றிய 'நம் காலத்தில்' என்னும் அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று கற்பிக்கிறது. அதே அறிக்கை, கிறிஸ்துவை அறிவிக்கும் கடமையையும் விட்டுவிடவில்லை. ஆகவே நாம் விருந்தினராகப் போகலாம். உச்சியில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுவோம், தொப்பியை எடுக்கச் சொன்னால் எடுப்போம், அமைதி காப்போம். நம்பாத ஒன்றை நம்புவதுபோல வழிபாடு செய்ய வேண்டியதில்லை. அப்படிச் செய்யும்படி அங்கே யாரும் நம்மைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. உடன் வருகிறவர்களில் மனம் உறுத்துகிறவர் ஒருவர் இருந்தால், அவரைக் கேலி செய்து மேலே இழுக்கக் கூடாது. பவுல் அடிகளார் கொரிந்து நகர மக்களுக்குப் படையல் உணவு பற்றி எழுதும்போது, அறிவு உள்ளவர் தம் உரிமையைக் காட்டி, வலுவற்ற மனச்சான்று உடையவரை இடறச் செய்யக் கூடாது என்றுதான் அறிவுறுத்துகிறார்.

இலங்கையில் இந்த உறவு எப்போதும் இனிமையாக இருந்தது என்று நாம் சொல்லிவிடக் கூடாது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைவம் தழுவிய சீதாவாக்கை மன்னர் முதலாம் இராஜசிங்கன் இந்த மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் திரும்பப் பௌத்தத் துறவிகளிடம் அளித்தார். அவர் தென்னிந்திய நாயக்கர் வழி வந்த மன்னர் என்பது கவனிக்கத்தக்கது. நம் காலத்திலும் 1995 ஜனவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்புக்கு வந்தபோது, பௌத்தம் பற்றி அவருடைய நூல் ஒன்றில் இருந்த கருத்துகளால் வருந்திய பௌத்தத் தலைவர்கள் அவருடனான சந்திப்பைப் புறக்கணித்தார்கள். அப்பயணத்தில் அருளாளராக உயர்த்தப்பட்ட யோசேப்பு வாஸ் அடிகளாரை, திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். அந்தப் பயணத்தில் அவர் ஒரு பௌத்த விகாரைக்கும் சென்றார்.

இந்தப் புனிதரின் வரலாறே நம் கேள்விக்கு நல்ல பதில். கோவாவில் பிறந்த அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1687-இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். 1692-இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீசிய ஒற்றர் என்று சிறை வைக்கப்பட்டார். ஆனால் அவரை அறிந்துகொண்ட பின், பௌத்தரான கண்டி மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குப் பாதுகாப்பு அளித்தார். பெரியம்மை பரவியபோது எல்லாரும் ஒதுக்கிய நோயாளிகளை அவர் மதம் பாராமல் பேணினார். கிறிஸ்தவ நாட்டவர் விரட்டிய திருச்சபைக்கு ஒரு பௌத்த மன்னரின் நிழலில் இடம் கிடைத்தது! 1711-இல் அவர் கண்டியிலேயே இறந்தார். அந்த நாட்டில் நாம் ஏறப் போகும் எந்த மலையிலும் இந்தக் கடன் நமக்கு நினைவில் இருக்க வேண்டும்.

ஏற முடியாதவர்களை விட்டுவிட்டு இதை எழுதிவிட முடியாது. மூட்டு வலியோடும் இதய அறுவைக்குப் பின்னும் வாழ்கிற நம் பெற்றோர் பலர், பிள்ளைகள் கைப்பேசியில் காட்டும் மலைப் படங்களைப் பார்த்து ஏங்குகிறார்கள். மோசே சீனாய் மலையில் ஏறினார் என்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவருடைய கடைசி ஏற்றம் நெபோ மலை. அங்கிருந்து வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்தார், உள்ளே போகவில்லை. எலியா ஓரேபு மலைக்குப் போகும் முன் சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்துவிட்டார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், பயணம் அவர் வலிமைக்கு மிஞ்சியது என்று ஒப்புக்கொண்டார். எந்த மலையில் வழிபடுவது என்று கேட்ட சமாரியப் பெண்ணுக்கோ ஆண்டவர் இந்த மலையும் அல்ல, எருசலேமும் அல்ல என்றார். அதைச் சொன்னபோது அவர் களைத்துப் போய்க் கிணற்றோரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். குழுவாகப் போகும்போது கீழே தங்குகிற பெரியவருக்குத் துணையாக ஒருவர் தங்குவது, மேலே போவதைவிடக் குறைந்த காரியம் அன்று.

இப்போது யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி. அந்த மலையடிவாரத்தில் யார் வாழ்கிறார்கள்? நல்லதண்ணி என்பது தமிழ்ப் பெயர். அதைச் சுற்றி மஸ்கெலியா, ஹட்டன், டிக்கோயா வரை தேயிலைத் தோட்டங்கள். அங்கு வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர். 1820-களில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், பின்னர் இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். அப்படி ஆள் எடுத்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. தருமபுரி 1965-இலும், கிருஷ்ணகிரி 2004-இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. அந்தக் காலத்தில் ஓசூரும் பாகலூரும் சேலம் மாவட்டத்தில் அடங்கியவை. தலைமன்னாரில் இறங்கிய அந்த மக்கள் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் கழிச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களுடைய நடைக்குப் படியும் இல்லை, விளக்கும் இல்லை, திரும்பி வரும் பயணச்சீட்டும் இல்லை. அவர்கள் வருகையின் 200 ஆண்டு நிறைவை ஒட்டி, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு நடைபயணம் அதே வழியில் சென்று ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது.

1948-இல் சுதந்திர இலங்கை இயற்றிய சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அண்ணன் இங்கும் தங்கை அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அங்கே எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம்தான் குடியுரிமை தந்தது. இன்றும் பலர் ஆங்கிலேயர் காலத்து லயங்களில் வாழ்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. தோட்டங்களில் தமிழில் திருப்பலி நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பக்கம் இருக்க நேர்ந்தால் அங்கே போய்ப் பூசை காணலாம்.

உதயம் பார்த்து இறங்குகிறவர்கள் அடிவாரம் வந்து சேரும்போது காலை ஒன்பது, பத்து மணி ஆகியிருக்கும். அதற்கு வெகு முன்பே பிரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் தினமும் ஏறி இறங்குவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஹட்டன் பேருந்து வரும்வரை கடை ஓரத்தில் தேநீர் குடித்துக்கொண்டு இருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் பாட்டியிடம் பேச்சுக் கொடுக்கலாம். "உங்க பூர்வீகம் எது பாட்டி?" என்று கேட்டால், சேலம் ஜில்லா என்று சொல்லி, நமக்குத் தெரிந்த ஓர் ஊரின் பெயரையே அவர் சொல்லக்கூடும்.